வாயில்லா ஜீவனின் சாட்சி

நமக்குத் தலைவலி வந்தால் டாக்டரிடம் சொல்கிறோம். பசித்தால் அம்மாவிடம் கேட்கிறோம். ஒருவர் நம்மை அடித்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்லலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இவற்றில் ஒன்றும் முடியாது. அவற்றின் துன்பத்தைப் பார்த்து, அளந்து, எழுதி, மெய்ப்பிக்க வேண்டியவர் ஒரு மனிதர். அந்தப் பொறுப்பு அரசு ஆய்வாளர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் தரப்பட்டிருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்கு அருகே உள்ள ஊர் குன்றாண்டார்கோவில். இங்குள்ள குடைவரைக் கோயில் பல்லவர் காலத்தது. கோயிலின் முன்மண்டபம் குதிரைகள் பூட்டிய தேரைப் போலக் கல்லில் வடிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல் குதிரைகளுக்குப் பசியில்லை, தாகமில்லை, வெயிலும் இல்லை. ஆனால் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் மேயும் வெள்ளாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் மாடுகளுக்கும் இவை மூன்றும் உண்டு. மழையை நம்பிய வறண்ட பூமி இது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது ஆடுதான். பள்ளிக்கூடச் செலவுக்கு ஒரு கிடாய், மருத்துவச் செலவுக்கு ஒரு கிடாய் என்று விற்பார்கள். எனவே ஆட்டின் நலம் வேறு, வீட்டின் நலம் வேறு அல்ல.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. மாடுகள் 95 லட்சம். இத்தனை உயிர்களையும் கண்காணிப்பது எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மிருகவதையைத் தடுக்க 1890-லேயே ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அது மிகவும் குறுகியது. சுதந்திரத்துக்குப் பிறகு, மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் புதிய சட்டம் வேண்டும் என்று போராடினார். அதன் பயனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் சென்னையில் தொடங்கப்பட்டபோது, அவரே அதன் முதல் தலைவரானார்.

இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்தைக் காக்க வேண்டும் என்று கடமை விதிக்கிறது. 11-ஆம் பிரிவு, எவை எவை வதை என்று பட்டியலிடுகிறது. அடிப்பது மட்டும் வதை அன்று. உணவும் நீரும் நிழலும் தராமல் விடுவதும், மிகக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதும், துன்பம் தரும்படி வண்டியில் ஏற்றிச் செல்வதும் வதைதான்.

காளைகளுக்கும் தனி விதிகள் உண்டு. 1965-ஆம் ஆண்டின் விதிகள்படி, வண்டி மாட்டை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவிடாமல் 5 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. நம்மூர்க் கத்தரி வெயிலை நினைத்துப் பாருங்கள். இந்த விதியின் அருமை புரியும்.

ஆனால் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்தான்! ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் காசு. ஆகவே தண்டனைக்கு அஞ்சி யாரும் திருந்திவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆய்வாளரின் உண்மையான பலம் அபராதச் சீட்டில் இல்லை. அவருடைய கண்ணிலும் கையிலும் குறிப்பேட்டிலும் இருக்கிறது.

ஆய்வாளர் யார்?

கிராமத்தில் கால்நடை மருந்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கால்நடை உதவி மருத்துவரும், கால்நடை ஆய்வாளரும், பராமரிப்பு உதவியாளரும் பணியாற்றுகிறார்கள். தடுப்பூசி, சிகிச்சை, கருவூட்டல் என்று நாள் முழுவதும் வேலை இருக்கும். அத்துடன், சந்தையிலோ சாலையிலோ ஒரு பிராணி துன்புறுத்தப்படுகிறது என்று புகார் வந்தால், அதைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டியவரும் கால்நடை மருத்துவரே. காவல் துறை அதிகாரி பிராணியைக் கைப்பற்றலாம். ஆனால் அதன் உடல்நிலை என்ன என்று மருத்துவரின் அறிக்கைதான் நீதிமன்றத்தில் பேசும். மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் அமைய வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

புதுக்கோட்டை மாவட்ட மாணவர்கள் இத்தகைய பரிசோதனையை நேரிலேயே பார்த்திருக்கலாம். ஆண்டுதோறும் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில் நடக்கும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று கால்நடை மருத்துவர் பரிசோதித்துத் தகுதி உண்டு என்று சொன்ன காளையே வாடிவாசலுக்குள் போகலாம். அங்கே கூட்டமும் காமிராக்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு பட்டியின் மூலையில் நொண்டிக்கொண்டு நிற்கும் ஆட்டை யார் பார்ப்பது?

ஐந்து சுதந்திரங்கள்

"நலம்" என்று சொல்லிவிட்டால் போதுமா? அதை அளப்பது எப்படி? 1964-இல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, பண்ணைப் பிராணிகளை எந்திரங்களைப் போல நடத்துவதைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். மக்களிடையே பரபரப்பு ஏற்பட்டது. அரசு, பிராம்பெல் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965-இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, ஒரு பிராணி எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. 1979-இல் இக்கருத்து விரிவாகி "ஐந்து சுதந்திரங்கள்" என்ற வடிவம் பெற்றது:

1. பசி, தாகம் இல்லாமை.
2. வெயில், மழை, கடினத் தரை போன்றவற்றால் அவதி இல்லாமை.
3. வலி, காயம், நோய் இல்லாமை.
4. இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு.
5. அச்சமும் மன உளைச்சலும் இல்லாமை.

நம் உச்ச நீதிமன்றமும் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த ஐந்தையும் எடுத்துக்காட்டியது.

முதுகைத் தொட்டால் கணக்குத் தெரியும்

பழைய முறையில் ஆய்வாளர் கொட்டகையை அளப்பார். தொட்டியில் தண்ணீர் உண்டா என்று பார்ப்பார். ஆனால் தொட்டி நிறைய நீர் இருந்தும், நொண்டி ஆடு அதுவரை நடக்க முடியாமல் தாகத்தில் வாடலாம். ஆகவே இன்று விஞ்ஞானிகள், "கொட்டகையை மட்டும் பார்க்காதே, பிராணியையே கேள்" என்கிறார்கள். வாயில்லாத ஜீவனை எப்படிக் கேட்பது? அதன் உடல் பதில் சொல்கிறது.

முதலாவது, உடல் நிலை மதிப்பெண். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் விரல்களை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு முனைகள் கத்தி போலக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் மதிப்பெண் 1. அழுத்தினால் மழுங்கலாகத் தெரிந்தால் 3. கொழுப்பு மூடி எலும்பே தட்டுப்படாவிட்டால் 5. வெள்ளாடு கொழுப்பைப் பெரும்பாலும் வயிற்றுக்குள் சேமிப்பதால், அதற்கு நெஞ்செலும்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். செம்மறியின் ரோமம் எலும்பை மறைத்துவிடும். வயிறு உப்பியிருந்தால் கொழுத்த ஆடு போலவே தோன்றும்.

இரண்டாவது, கண்ணின் நிறம். ஆட்டின் நான்காம் இரைப்பையில் "ஹீமாங்கஸ்" என்ற ஒட்டுண்ணிப் புழு வாழ்கிறது. ஒரு புழு ஒரு நாளில் சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தை வீணாக்கும். இது அற்பம் அல்லவா? சிறிது கணக்குப் போடுங்கள். ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாள் ஒன்றுக்கு 50 மில்லி லிட்டர். 10 நாளில் அரை லிட்டர்! 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். உடல் புதிய இரத்தத்தை உண்டாக்கினாலும் இழப்பை ஈடுசெய்ய முடியாமல் போகும். கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கும். பிறகு ஆடு விழும். தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் இதற்கு ஓர் எளிய முறை கண்டார்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இறக்கி, உள்ளே தெரியும் சவ்வின் நிறத்தை ஒரு வண்ண அட்டையுடன் ஒப்பிடுவது. நல்ல சிவப்பு என்றால் 1. வெளுத்து வெள்ளையாக இருந்தால் 5. வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் குடற்புழு மருந்து கொடுத்தால் போதும். மருந்துச் செலவும் குறையும். மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகுவதும் தாமதப்படும்.

மூன்றாவது, நடை. நான்கு காலிலும் சமமாக எடை வைக்கிறதா? தலையை ஆட்டிக்கொண்டு நடக்கிறதா? முன்காலை மடித்து முழங்காலில் மேய்கிறதா? குளம்பு அழுகலோ, முள்ளோ, அதிகம் வளர்ந்த குளம்போ காரணமாக இருக்கலாம்.

நான்காவது, மூச்சு. நிழலில் ஓய்வாக இருக்கும் ஆடு நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 30 தடவை மூச்சு விடும். வெயிலில் வாய் திறந்து இரைத்தால், உடம்பு சூட்டைத் தணிக்கப் போராடுகிறது என்று பொருள்.

ஒரு முக்கியமான விஷயம்: ஆடு வேட்டையாடப்படும் இனம். காட்டில் நொண்டும் ஆட்டைத்தான் ஓநாய் முதலில் பிடிக்கும். ஆகவே வலியை மறைத்துக் கொள்வது அதன் பிறவிக் குணம். அந்நியர் பட்டிக்குள் நுழைந்ததும் நொண்டி ஆடுகூடத் தலை நிமிர்ந்து நடக்கும். அதனால் நல்ல ஆய்வாளர் நேரே உள்ளே போகமாட்டார். வேலிக்கு வெளியே சிறிது நேரம் அமைதியாக நின்று, எது தனியே நிற்கிறது, எது அசை போடவில்லை என்று பார்த்த பிறகே தொடுவார்.

இரண்டு ஆய்வாளர்கள், ஒரே ஆடு

இப்போது ஒரு சிக்கல். ஓர் ஆய்வாளர் "நொண்டி" என்கிறார். மற்றவர் "இல்லை" என்கிறார். நீதிமன்றம் யாரை நம்பும்? ஆடு வளர்ப்பவருக்கும் அது அநியாயம் அல்லவா? எனவே ஆய்வாளர்களின் கண்களையே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

50 ஆடுகளை இருவர் தனித்தனியே பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 10 ஆடுகள் நொண்டி என்று இருவரும் சொன்னார்கள். 30 ஆடுகள் நலம் என்று இருவரும் சொன்னார்கள். மீதி 10 ஆடுகளில் கருத்து வேறுபாடு. ஒருவர் 5 ஆடுகளையும் மற்றவர் வேறு 5 ஆடுகளையும் நொண்டி என்றார்கள். ஆக, 50-இல் 40 ஒத்துப்போகிறது. 80 சதவீதம்! நல்ல மதிப்பெண் என்று தோன்றுகிறது.

பொறுங்கள். ஆட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சில தடவை ஒத்துப்போகுமே! ஒவ்வொருவரும் 50-இல் 15 ஆடுகளை, அதாவது 0.3 பங்கை, நொண்டி என்றார்கள். தற்செயலாக இருவரும் "நொண்டி" என்பதற்கு வாய்ப்பு 0.3 × 0.3 = 0.09. இருவரும் "நலம்" என்பதற்கு 0.7 × 0.7 = 0.49. கூட்டினால் 0.58. ஆகவே 0.8-இல் 0.58 அதிர்ஷ்டத்தால் கிடைத்திருக்கக்கூடும். அதற்கு மேல் கிடைத்தது 0.22. கிடைத்திருக்கக்கூடியது 1 – 0.58 = 0.42. இரண்டையும் வகுத்தால் சுமார் 0.52. இந்த எண்ணுக்குக் "காப்பா" என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் இதை வெளியிட்ட ஆண்டு 1960. நம் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்த அதே ஆண்டு!

1 என்றால் முழு ஒற்றுமை. 0 என்றால் வெறும் அதிர்ஷ்டம். 0.52 என்பது பாதி வழிதான். அப்போது என்ன செய்வது? இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஒரே படத்தைக் காட்டி, "எதை நொண்டி என்கிறோம்?" என்று விவாதித்து, மறுபடி சோதிக்க வேண்டும். பயிற்சியால் காப்பா உயரும்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்கென்றே பிராணி நல மேற்கோள் மையங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள். முதல் மையம் 2018-இல் பன்றிகளுக்காக அமைந்தது. அசைபோடும் பிராணிகளுக்கும் குதிரைகளுக்குமான மையம் 2021-இல் அறிவிக்கப்பட்டது; ஸ்வீடன் நாட்டு வேளாண் பல்கலைக்கழகம் அதை முன்னின்று நடத்துகிறது. இம்மையங்கள் யாரையும் தண்டிப்பதில்லை. ஆய்வாளர்களுக்கு அளவுகோல்களையும் பயிற்சியையும் விளக்கக் குறிப்புகளையும் தருவதே அவற்றின் வேலை. நம் நாட்டில் இப்பணிக்கு ஏற்ற அறிவு இல்லாமல் இல்லை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இலும் தொடங்கப்பட்டவை. அந்த அறிவைக் கடைசிக் கிராமத்து ஆய்வாளரின் விரல் நுனிவரை கொண்டு சேர்ப்பதே தேவை.

லாரியில் எத்தனை ஆடு?

சில இடங்களில் எண்கள் ஆய்வாளருக்குத் தெளிவான துணை செய்கின்றன. 2015-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியில் ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டரும், ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டரும் இடம் வேண்டும். 2.5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள சிறு வண்டியின் தளம் 3.75 சதுர மீட்டர். 0.3-ஆல் வகுத்தால் 12.5. அதாவது 12 ஆடுகள். அதே வண்டியில் மாடு ஒன்றுதான்! சந்தையிலிருந்து திரும்பும் வண்டிகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பாருங்கள்.

இடநெருக்கடி ஏன் கூடாது? விழுந்த ஆடு எழ முடியாமல் மிதிபடும். காற்றோட்டம் இல்லாமல் உடல் சூடு ஏறும். அச்சத்தால் தசைகளில் சேமித்த சர்க்கரை செலவாகிவிடும். அத்தகைய பிராணியின் இறைச்சி கறுத்து, விரைவில் கெடும். ஆகவே இரக்கமில்லாதவருக்கும் இதில் நஷ்டமே.

இறைச்சிக்கூடத்திலும் ஓர் எண் உண்டு. 2001-ஆம் ஆண்டின் விதிகள், ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 பிராணிகளுக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பரிசோதிக்கக்கூடாது என்றன. ஒரு பிராணிக்கு 5 நிமிஷம். அவசர அவசரமாகப் பார்ப்பது பாராததற்குச் சமம் என்பதே இதன் தத்துவம்.

மெலிந்த ஆடு: குற்றமா, வறட்சியா?

இனிதான் கடினமான கேள்வி. ஆய்வாளர் ஒரு பட்டியில் 20 ஆடுகளின் முதுகைத் தொடுகிறார். பெரும்பாலானவற்றுக்கு மதிப்பெண் 1. சட்டப்படி இது உணவு கொடுக்காத குற்றமாகலாம். ஆனால் அந்த வீட்டுக்காரரே ஒருவேளை கஞ்சி குடிக்கிறார். மழை பெய்யவில்லை. முன்பு மேய்ச்சலாக இருந்த புறம்போக்கு இப்போது இல்லை. தைலமரத் தோப்பின் அடியில் ஆடு கடிக்கத்தக்க புல் முளைப்பதும் அரிது. அபராதம் போட்டால் அவர் என்ன செய்வார்? இன்னொரு ஆட்டை விற்பார். மீதி ஆடுகள் கொழுக்குமா?

மதிப்பெண் துன்பத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்தைத் தேடுவது ஆய்வாளரின் அடுத்த வேலை. எல்லா ஆடுகளும் மெலிந்திருந்தால் தீவனப் பஞ்சம். சில மட்டும் மெலிந்து இமை வெளுத்திருந்தால் புழு. ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் அதன் பல்லையும் காலையும் பார். கழுத்தில் கயிறு அறுத்த புண்ணும், உடம்பில் அடித்த தழும்பும் இருந்தால், அப்போது அது அலட்சியமோ கொடுமையோதான்; அங்கே சட்டம் தயங்கக்கூடாது.

உதவிக்கு வருபவர் என்று ஆய்வாளரை மக்கள் நம்புவது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1987-இல் விழுப்புரம் பகுதியில் அரசூர் என்ற கிராமத்தில் ஆடுகள் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டு மடிந்தன. அதுதான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய். அந்த ஊரில் எடுத்த வைரஸிலிருந்து பிற்பாடு சென்னையில் தடுப்பூசியே உருவாக்கப்பட்டது. அதற்கு "அரசூர் 87" என்று பெயர். இந்நோயை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்பது சர்வதேச இலக்கு. மாட்டு வெக்கை நோய் அவ்வாறே 2011-இல் ஒழிந்தது. ஆய்வாளரைக் கண்டு அஞ்சி, நோயுற்ற ஆட்டை ஒருவர் மறைத்துவிட்டால், அந்த ஒரு பட்டியே ஊருக்கெல்லாம் நோயைப் பரப்பிவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஆடு இருந்தால், உரியவரிடம் அனுமதி கேட்டு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், நிழலில் நிற்கும் ஆட்டின் விலாப்புறம் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். முதுகைத் தொட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுங்கள். நண்பர் ஒருவரும் உங்கள் மதிப்பெண்ணைப் பாராமல் தனியே இடட்டும். பிறகு இருவரும் ஒப்பிட்டு, எத்தனை ஒத்துப்போகிறது, அதில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். தொட்டபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

மெலிவோ நொண்டலோ கண்டால் உரியவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் நன்றியுடன் கேட்பார்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. கொடுமை என்று தோன்றினால் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம். இடம், நாள், நேரம், கண்டது என்ன என்று எழுதிப் பெரியவர் ஒருவருடன் கால்நடை மருந்தகத்திலோ காவல் நிலையத்திலோ கொடுங்கள். "பாவம், ஆடு கஷ்டப்படுகிறது" என்று எழுதுவதைவிட, "பகல் 1 மணி, நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, ஓர் அடிக் கயிறு, நிமிடத்துக்கு 90 மூச்சு" என்று எழுதுவது எவ்வளவு பலமான சாட்சி! பேச முடியாத உயிருக்காகப் பேசுகிறவர் அளந்து பேச வேண்டும்.